இலை செழித்தது, கிழங்கு எங்கே?

அடுக்களை மூலையில், வெங்காயக் கூடைக்கு அடியில் மறந்துபோய்க் கிடந்த ஓர் உருளைக்கிழங்கு, மண்ணைக் காணாமலும் ஒரு சொட்டு நீரைப் பெறாமலும், தன் கண்களிலிருந்து வெளிறிய முளைகளை நீட்டிக்கொண்டு கிடப்பதை எந்த வீட்டிலேதான் கண்டதில்லை! அதைக் கையில் எடுத்த குழந்தை, "இதை நட்டால் கிழங்கு பிடிக்குமா?" என்று கேட்கிறது, கேட்டதோடு நில்லாமல் ஒரு தொட்டியில் நட்டும் விடுகிறது. செடி வருகிறது. கத்தரியைப் போன்ற இலையும் தண்டுமாக முழங்கால் உயரம் எழுந்து, பார்ப்பவர் மனம் மகிழும்படி தழைக்கிறது. மூன்று மாதம் கழித்து, வீட்டார் அனைவரும் கூடி நிற்கத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேரும் மண்ணும் தவிர வேறொன்றும் இல்லை. கேட்பாரற்ற கூடையிலே தானாக முளைக்கும் அளவுக்கு ஜீவசக்தி படைத்த கிழங்கு, நாம் விரும்பி உபசரித்த இடத்தில் மட்டும் இன்னொரு கிழங்கைத் தர மறுப்பது ஏன்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

கூடையில் விழித்த கண்

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் விளைவதால் அதை வேர் என்று கருதுவோர் பலர். சர்க்கரைவள்ளி மெய்யாகவே வேர்; உருளைக்கிழங்கோ தண்டு. செடியின் அடிப்பகுதியிலிருந்து மண்ணுக்குள் படுக்கைவாட்டில் ஓடும் மெல்லிய தண்டுகளை நாம் 'ஓடுதண்டு' என்று அழைப்போம். அவ்வோடுதண்டின் நுனி நீளுவதை நிறுத்திக்கொண்டு, மாச்சத்தைத் தன்னுள் அடைத்துப் பருக்கும்போது கிழங்கு உண்டாகிறது. கிழங்கைக் கையில் எடுத்து உற்று நோக்குங்கள்: ஒரு முனையில் ஓடுதண்டு அறுந்த வடு தெரியும், மறுமுனையை நோக்கிக் கண்கள் திருகுசுற்றாக நெருங்கி அமைந்திருக்கும். ஒரு கிளையில் மொட்டுகள் எந்த ஒழுங்கில் அமைகின்றனவோ, அதே ஒழுங்கில்தான் இக்கண்களும் அமைந்திருக்கின்றன.

பறித்த கிழங்கு உடனே முளைப்பதில்லை. ஜாதிக்குத் தக்கவாறு ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதம் அது உறங்கும். இதை 'உறக்கக் காலம்' என்று சொல்லலாம். அந்த உறக்கம் கலைந்த பின் வெதுவெதுப்பான இடமே முளை விடுவதற்குப் போதும். உணவும் நீரும் கிழங்குக்குள்ளேயே இருக்கின்றன. எனவே, நட்டு ஒரு மாதமாகியும் முளை காணவில்லை என்றால் நம் கைராசியை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கிழங்கு இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம்; அல்லது வியாபாரத்திற்காக முளையடக்கும் மருந்து தெளித்த கிழங்காக இருக்கலாம். கூடையில் தானே கண்விழித்த கிழங்கை மட்டும் நடுவது இவ்விரண்டு சந்தேகங்களையும் ஒருங்கே தீர்த்துவிடும்.

ஒரு தாழ்வாரத் தொட்டி

இனி நான் சொல்லப்போவது என் சொந்த அநுபவம். சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், வெள்ளாற்று அணைக்கட்டை அடுத்துள்ள சேத்தியாத்தோப்பு, நெல்லும் கரும்பும் உளுந்தும் விளையும் ஊர். கரும்பு வண்டிகள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசை பிடித்துச் செல்லும் அவ்வூரில் உருளைக்கிழங்கைக் கடையில் காணலாமே தவிர வயலில் காண முடியாது. அங்கே, சிமெண்டுத் தளம் போட்ட ஒரு வீட்டின் முன்தாழ்வாரத்தில், பொங்கல் கழிந்த வாரத்தில், முளைத்த கிழங்கு ஒன்றை மண்தொட்டியில் நட்டேன். வீராணம் ஏரிப் பாசனக் களிமண்ணோடு பாதிக்குப் பாதி மணலும் மட்கிய சாணமும் கலந்து, வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றி வந்தேன். மாசியில் செடி தழைத்தது. பங்குனியில் தண்டு நீண்டு சாய்ந்து, கொம்பு கட்ட வேண்டியதாயிற்று. சித்திரை பிறந்ததும் கவிழ்த்தேன். பட்டாணி அளவில் நான்கு உருண்டைகளும், அழுகிய தாய்க்கிழங்கின் தோலும் அகப்பட்டன.

அந்த நான்கு உருண்டைகளைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். களிமண் இறுகிவிட்டது என்றார் ஒருவர். உரம் போதவில்லை என்றார் இன்னொருவர். நம் ஊர் மண்ணுக்கு அது ஆகாது என்று முடிவே கட்டினார் மூன்றாமவர். இக்காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதே விஞ்ஞானத்தின் வழி. மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகவும் சிறுத்தும் இருக்கும். ஆனால் என் தொட்டியில் ஓடுதண்டுகளே மிகச் சில. உரம் குறைந்திருந்தால் இலை வெளுத்திருக்க வேண்டும். அதுவோ கரும்பச்சையாய் நின்றது. ஆகவே, பஞ்சத்தால் வந்த குறை இது என்று கொள்ள இடமில்லை. செடியிடம் பொருள் இருந்தது. அதைச் சேமிக்க அது இசையவில்லை. ஆயினும், அந்தப் பொருளும் ஒருவேளை நாம் நினைத்த அளவுக்கு இல்லாதிருக்கலாம் என்ற ஐயத்திலிருந்து தொடங்குவோம்.

வெளிச்சத்தில் ஏமாறும் கண்

தாழ்வாரம் நம் கண்ணுக்கு வெளிச்சமான இடம். அங்கே உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். ஆனால் கண் என்னும் கருவி, ஒளி குறைந்தால் பாவையை விரித்தும், மிகுந்தால் சுருக்கியும் தன்னைத் திருத்திக்கொள்வதால், ஒளியை அளப்பதற்கு மிகவும் தகுதியற்றது. ஒளியை அளக்கும் அலகு 'லக்ஸ்'. உச்சிவேளைத் திறந்தவெளியில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு ஒளி உண்டு. நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் அது ஓரிரண்டாயிரமாகக் குறைந்துவிடும். அறையின் நடுவில் சில நூறே எஞ்சும். நமக்குச் சற்று மங்கலாகத் தோன்றும் இடத்தில் செடி பெறுவது வெளியொளியில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

ஒளி போதாத செடி தன் குறையை வெளிப்படையாகவே சொல்லும். கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் நீண்டு, தண்டு மெலிந்து, வெளிச்சம் வரும் திசையை நோக்கிச் சாயும். இருட்டில் மண்ணைத் துளைத்து மேலே வர வேண்டிய முளை, பச்சையம் செய்வதை ஒத்திவைத்து நீளுவதிலேயே முழுப் பொருளையும் செலவிடும். கூடையில் கண்ட வெளிறிய முளையும் இச்சுபாவத்தையே காட்டுகிறது. என் தொட்டிச் செடிக்கு நான் கட்டிய கொம்பு, நோயின் அறிகுறிக்குக் கட்டிய கொம்பு என்பது பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

இரவின் செலவு

பகலில் இலை, ஒளியைக் கொண்டு காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் மாவு செய்கிறது; ஒளிச்சேர்க்கை என்று நாம் பள்ளியில் படித்தது இது. இரவில் செடி நம்மைப் போலவே சுவாசித்து, பகலில் செய்ததில் ஒரு பகுதியை எரிக்கிறது. சுவாசம் வெப்பத்தைப் பொறுத்தது: வெப்பநிலை 10 செல்சியஸ் பாகை ஏறினால் செலவு ஏறத்தாழ இரட்டிக்கும். ஒரு குடும்பத்தின் வரவுசெலவாக இதை எழுதிப் பார்ப்போம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நானே வைத்துக்கொண்டவை.

திறந்த வெயிலில் நிற்கும் செடி பகலில் 100 படி மாவு சம்பாதிக்கிறது என்று கொள்வோம். 15 பாகையுள்ள குளிர்ந்த இரவில் அது 20 படியைச் செலவிட்டால் மிச்சம் 80. அதே செடியை 25 பாகையுள்ள இரவில் நிறுத்தினால் செலவு 40 ஆகி, மிச்சம் 60. இனி அதைத் தாழ்வாரத்திற்கு நகர்த்துங்கள். பகல் வரவு பாதியாகக் குறைந்து 50 ஆகிறது. இரவுச் செலவோ குறையாமல் 40 ஆகவே நிற்கிறது. மிச்சம் 10 படி. அந்தப் பத்துப் படியிலிருந்து இலையும் தண்டும் வேரும் வளர வேண்டும்; அதன் பின்னரே கிழங்குக்கு ஏதேனும் போக முடியும். ஒளியைப் பாதியாக்கினோம், மிச்சமோ ஆறில் ஒரு பங்காகிவிட்டது. ஒளிக்குறைவும் இரவு வெப்பமும் தனித்தனியே செய்யும் தீங்கைவிடச் சேர்ந்து செய்யும் தீங்கு எத்தனை பெரிது என்பதை வாசகர் இங்கே கவனிக்க வேண்டும்.

இலை அனுப்பும் தூது

வரவுசெலவுக் கணக்கு உண்மைதான். ஆனால் அது முழு உண்மையாகாது. நல்ல வெயிலில் நின்று, மிச்சம் நிறைய உள்ள செடியும் வெப்பமான இரவுகளில் கிழங்கு பிடிக்காமல், மிச்சத்தையெல்லாம் இலையாகவும் தண்டாகவும் மாற்றிவிடுவதைக் காண்கிறோம். சேமிப்பதற்குப் பொருள் மட்டும் போதாது. சேமிக்கும்படி ஓர் ஆணையும் வேண்டும் என்று தெரிகிறது. அந்த ஆணை எங்கிருந்து பிறக்கிறது?

1956-ஆம் ஆண்டில் கிரகரி என்னும் ஆராய்ச்சியாளர் ஒட்டுக்கட்டும் முறையால் இதைச் சோதித்தார். கிழங்கு பிடிக்கத் தக்க சூழலில் வளர்ந்த செடியின் தளிரை, அச்சூழலைக் காணாத செடியின் தண்டில் ஒட்டவைத்தபோது, அடிச்செடி கிழங்கு பிடித்தது. குளிர்ச்சியையும் பகலின் நீளத்தையும் உணர்ந்தது மேலேயுள்ள இலை. செயல்பட்டது கீழேயுள்ள ஓடுதண்டு. ஆகவே இலையிலிருந்து கீழ்நோக்கி ஏதோ ஒன்று தூது சென்றிருக்க வேண்டும். 1981-இல் சோவியத் விஞ்ஞானி சைலாக்கியானும் அவருடைய துணைவர்களும் இன்னும் வியப்பான ஒன்றைச் செய்தார்கள்: பூக்கும் பருவத்திலிருந்த புகையிலைத் தளிரை உருளைக்கிழங்குத் தண்டில் ஒட்டவைத்தார்கள். புகையிலையும் உருளையும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. புகையிலைக்குப் 'பூ' என்று ஆணையிடும் தூது, உருளைக்குள் இறங்கியதும் 'கிழங்கு பிடி' என்னும் ஆணையாகப் பொருள்பட்டது! 2011-இல் அந்தத் தூது இன்ன புரதம் என்பதையே இனங்கண்டார்கள். பல செடிகளில் பூக்கும் காலத்தை நிர்ணயிக்கும் புரதத்தின் நெருங்கிய உறவு அது. வெப்பம் மிகுந்தால் இலை அதைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது என்பதும் பின்வந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. என் தொட்டியில் நின்ற செழிப்பான இலை, தூது அனுப்பாத இலை.

பகலின் நீளம் என்றேனே, அது நமக்குத் தடையாகுமா? உருளையின் தாயகமான ஆண்டீஸ் மலைத்தொடரில், பூமத்தியரேகைக்கு அருகே பிறந்த ஆதி ஜாதிகள் குறுகிய பகலில்தான் கிழங்கு பிடிக்கும்; நெடும்பகலுள்ள ஐரோப்பியக் கோடைக்கு அவற்றைப் பழக்கத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சேத்தியாத்தோப்பிலோ வருஷத்தின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணியை எட்டுவதில்லை. ஆதலால் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து நம் ஊரை விடுவித்துவிடலாம்.

பிண்ணாக்கும் ஒரு குற்றவாளி. தழைச்சத்து மிகுந்தால் செடி, 'இன்னும் வளரலாம்' என்று எண்ணிக் கிழங்கு பிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது. இலை மட்டும் தழைக்கும் செடிக்கு மேலும் உரமிடுவது, செலவாளிக்குக் கடன் கொடுப்பதை ஒக்கும்.

உதகையும் ஆக்ராவும்

சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் இத்தூது தடையின்றிச் செல்கிறது. 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் அம்மலைகளில் உருளைக்கிழங்கைப் பயிரிடச் செய்தார். 1949-இல் பாட்னாவில் தோன்றி 1956-இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், 1957-இல் உதகைக்கு அருகே முத்தோரையில் ஒரு கிளையை நிறுவியது. வெயில் கூர்மையாய் விழும் பகலும், போர்வை தேடும் இரவும் ஒரே இடத்தில் கூடுவதே நீலகிரியின் விசேஷம்.

அப்படியானால் சமவெளியில் இப்பயிர் விளையாதோ என்றால், ஆக்ராவைப் பாருங்கள். கோடையில் அனல் வீசும் கங்கைச் சமவெளியில்தான் இந்தியாவின் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி விளைகிறது. ஐப்பசி வாக்கில் நட்டு, குளிர்காலத்து இரவுகளில் கிழங்கு பிடிக்கவைத்து, கோடை எட்டுமுன் தோண்டிவிடுகிறார்கள். தேசத்தின் பெயரைவிட, கிழங்கு பிடிக்கும் சில வாரங்களின் இரவே பிரதானம் என்பது இதனால் பெறப்படுகிறது. 15 முதல் 20 பாகை வரையுள்ள இரவு இதற்கு உகந்தது. கடலூர்ப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 20 பாகையை ஒட்டி நிற்கிறது; சித்திரையில் 25-ஐத் தாண்டிவிடுகிறது. நாம் எல்லைக்கோட்டின் மேல் நிற்பவர்கள். தையில் நட்ட என் செடி, கிழங்கு பிடிக்க வேண்டிய பருவத்தில் அக்கோட்டின் தவறான பக்கத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

பனி இறங்கும் இடம்

இரண்டொரு பாகை வித்தியாசமே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் எல்லையில் நிற்பதனால், வீட்டைச் சுற்றி அந்த இரண்டொரு பாகை எங்கே கிடைக்கும் என்று தேடுவது வீண்வேலையாகாது. மார்கழி விடியற்காலையில் வாசலில் கோலமிடும் பெண்கள் இதற்கு விடை அறிவார்கள்: வாசல் புல்லில் பனி கோத்திருக்கும், தாழ்வாரத்துத் துளசித் தொட்டி உலர்ந்திருக்கும். பனி 'இறங்குகிறது' என்று நாம் சொன்னாலும், மேலேயிருந்து எதுவும் விழுவதில்லை. திறந்த வானத்தின் கீழுள்ள புல், தன் வெப்பத்தைக் கதிர்களாக வானத்திற்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது; அக்குளிர்ந்த மேனியில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. கூரைக்கு அடியிலுள்ள இலையோ தன் வெப்பத்தை வீசினாலும், பகல் முழுதும் வெயிலைக் குடித்த சிமெண்டுத் தளம் தன் வெப்பத்தைத் திருப்பி வீசிக்கொண்டே இருக்கிறது.

கூரை, பகலில் ஒளியைப் பறித்தது. இரவில் வானத்துக் குளிர்ச்சியையும் பறித்தது. வீட்டுக்குள் உருளைக்கிழங்கு வளர்ப்போர் படும் பாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். வீட்டின் உள்ளறையில் குளிர்ச்சி உண்டு, ஒளி இல்லை; மொட்டைமாடியில் ஒளி உண்டு, தளத்தின் சூடு இரவிலும் ஆறுவதில்லை. இரண்டும் ஓரளவு கூடுமிடம் கொல்லைப்புறத்து மண்தரையே.

கூரைக்குள்ளேதான் வளர்க்க வேண்டும் என்றால், ஒளியையும் குளிரையும் நாமே உண்டாக்கித் தர வேண்டும். அது இயலாத காரியமன்று. 1995-இல் கொலம்பியா விண்கலத்தில், சூரியனும் மண்ணும் இல்லாத ஒரு சிறு பெட்டியில், விளக்கொளியில் வைத்த உருளை இலைத்துண்டுகள் கிழங்கு பிடித்தன. ஆராய்ச்சிச் சாலைகளில் கண்ணாடிக் குப்பிக்குள், சர்க்கரை மிகுந்த ஊட்டக் கூழில், குளிர்ந்த இருட்டறையில் மொச்சைப்பருப்பளவு கிழங்குகளை உண்டாக்குகிறார்கள். சர்க்கரையைப் புறத்திலிருந்து ஊட்டுவதால் அங்கே ஒளியே வேண்டியிருப்பதில்லை. ஒரு குடும்பம் இதற்காக விளக்கும் குளிர்சாதனமும் வைத்தால், மின்கட்டணத்திற்குப் பல மூட்டைக் கிழங்கு வாங்கிவிடலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேறு சில குறைகள்

செடி திடீரென்று, இலை பச்சையாயிருக்கும்போதே துவண்டால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்க. தண்டின் அடியில் வெட்டி, அத்துண்டைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற மெல்லிய இழை இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய்; கத்தரியையும் தக்காளியையும் தாக்கும் அதே வியாதி. அச்செடிக்கு மருந்தில்லை. அந்த மண்ணைக் கத்தரிப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். இழை எதுவும் இறங்காமல் மண் மட்டும் சொதசொதவென்றிருந்தால், நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது; தொட்டியின் அடித்துளையைக் குத்திவிட்டாலே போதும்.

மண்ணுக்கு மேலே தெரியும் கிழங்கு பச்சையாவது வேறு வகை. ஒளி பட்ட கிழங்கு, தண்டின் சுபாவப்படி பச்சையம் செய்துகொள்கிறது. அதோடு சோலனைன் முதலிய நச்சுப் பொருள்களும் கூடுகின்றன. பச்சையம் தன்னளவில் தீங்கற்றது. ஆனால் நச்சு சேர்ந்திருப்பதற்கு அதுவே அடையாளம். வேகவைத்தாலும் இந்நஞ்சு போவதில்லை. ஆதலால் பச்சையேறிய கிழங்கைச் சமைக்க வேண்டாம். செடியில் தக்காளிப் பிஞ்சைப்போல் காய் காய்த்தால், குழந்தைகள் அதை வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் நஞ்சு.

மறுவருஷத் தொட்டி

அடுத்த முறை, அடைமழையின் வேகம் தணிந்த கார்த்திகை நடுவில், அதே அளவுள்ள மண்தொட்டியில் நட்டேன். தொட்டியைக் கொல்லையில், காலை முதல் பிற்பகல் வரை வெயில் விழும் இடத்தில், மண்தரையில் பாதி புதைத்து வைத்தேன். சுற்றிலும் வைக்கோல் பரப்பினேன். மட்கிய சாணத்தோடு கொஞ்சம் அடுப்புச் சாம்பல் சேர்த்தேனே ஒழியப் பிண்ணாக்கைத் தொடவில்லை. மழை பலத்த இரண்டு நாள்கள் மட்டும் மேலே தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்து, வெறித்ததும் எடுத்துவிட்டேன். செடி முன்னதைப்போல் ஓங்கவில்லை; பாதி உயரத்தில், கணு நெருங்கிக் கட்டையாய் நின்றது. மார்கழி விடியற்காலைகளில் அதன் இலைமேல் கையை வைத்தால் உள்ளங்கை நனைந்தது.

மாசியில், அடியிலைகள் மஞ்சளித்ததும், பக்கவாட்டில் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு கிழங்கு தட்டுப்பட்டது. கட்டைவிரலால் தேய்த்ததும் தோல் உரிந்தது. தோல் இன்னும் முற்றவில்லை. தண்டை மட்டும் தரையோடு அறுத்துவிட்டு, மண்ணை மூடி, நீரை நிறுத்தி, இன்னும் பத்து நாள் அப்படியே விட்டேன்.